ராசம்மா விட்டுப்போன செவலை

இப்போதெல்லாம் ஒரு நாய் வாங்குவதற்குக்கூடப் பதுளைக்கு பஸ் ஏறுகிறார்கள். சடை தொங்குகிற நாய், மூக்கு சப்பிப்போன நாய். அதற்கு இங்கிலீசில் ஒரு பேர். சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிஸ்கட் வேணுமாம். போன மாசம் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது. அவர் சம்சாரம் என்னை ரோட்டில் நிறுத்திக் கேட்கிறது: "பெரியவரே, நீங்க பழைய ஆளு. இது சின்னப் புள்ளைங்களோட ஒத்துப்போகுமா?"

"அதையே கேளுங்கம்மா" என்றேன். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பின்னே என்ன சொல்வது? காசு கொடுத்து வாங்கிய பிறகு கேட்கிற கேள்வியா அது? இந்தக் காலத்து ஆட்களுக்குக் கேள்வி மட்டும்தான் தெரியும். பதில் தங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும்.

இதே கேள்விக்காக எங்கள் லயத்து வரிசையில் ஒரு வீடே ரெண்டுபட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மாவுக்குப் பஞ்சம் வந்த காலம் அது. ரொட்டி தட்ட மாவு இல்லாமல் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றோம். அதுவும் முடியாதவர்கள் இந்தியாவுக்குப் பேர் கொடுத்து ஸ்டேசனில் கோச்சி ஏறினார்கள். லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு லயம் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. என் மகனும் அந்தக் கோச்சியில்தான் போனான். அதை விடு.

போனவர்கள் பானை சட்டியைக்கூடக் கட்டிக்கொண்டு போனார்கள். நாய்களைக் கொண்டுபோக முடியவில்லை. வாசலுக்கு வாசல் நாய். பூட்டின கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டு, யாராவது நடந்து போனால் தலையைத் தூக்கிப் பார்க்கும். தன் வீட்டு ஆள் இல்லை என்று தெரிந்ததும் தலையைக் கீழே வைத்துவிடும்.

என் காம்பராவுக்கு அடுத்த காம்பரா நல்லையாவுடையது. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேச மாட்டான். முறைக்கு எனக்குத் தம்பி மகன். அவன் பெண்சாதி இராக்கம்மா கொழுந்து எடுக்கிறவள், என்னை மாமா என்பாள். பிள்ளைகள் ரெண்டு. மூத்தவன் கதிரேசன், மூன்று வயசு இருக்கும், கதிரு கதிரு என்று கூப்பிடுவார்கள். அடுத்தது கைக்குழந்தை.

அந்த வருசம் எங்கள் மேற்பிரிவின் பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. பார்த்துக்கொண்டிருந்த ஆயா இந்தியாவுக்குப் போய்விட்டாள். வேறு ஆள் போடாமல், கீழ்ப்பிரிவுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று கங்காணி மூலமாகச் சொல்லியனுப்பினார் தொரை. கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது என்றால் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக இறங்கி, பெரட்டில் பேர் கூப்பிடுகிற நேரத்துக்குத் திரும்பி ஏறி வரவேணும். ஒன்றைத் தூக்கலாம். ரெண்டை எப்படித் தூக்குவாள்? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கதிரு வீட்டில் நின்றான்.

"மாமா, ஒரு கண்ணு பாத்துக்கங்க" என்பாள்.

"எனக்கே ஒரு கண்ணுதான் நல்லாத் தெரியுது. அதையும் ஒனக்குக் குடுத்துட்டா நான் எங்க போறது?" என்று சொல்வேன். சொன்னாலும் பார்க்காமல் இருந்தேனா? ஆனால் மூன்று வயசுப் பிள்ளை கோழிக்குஞ்சு மாதிரி. இங்கே இருக்கும், திரும்பினால் அங்கே இருக்கும். ஒரு நாள் மழைத் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டான். நான்தான் காலைப் பிடித்து இழுத்துப் போட்டேன். வாயெல்லாம் சேறு.

அன்று சாயங்காலம் இராக்கம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். மலையில் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட இல்லை.

"ஒரு நாயாவது கூட இருந்தா குரைச்சாவது காட்டும்" என்றாள்.

"நாய நம்பிப் புள்ளைய விடுவாங்களா யாரும்?" என்றேன்.

"மனுசரத்தான் நம்ப முடியலையே மாமா."

என்னைச் சொன்னாளா, தொரையைச் சொன்னாளா தெரியாது.

"செவலை இருக்குல்ல" என்று அவளே சொன்னாள்.

செவலை அவளுடைய அக்கா ராசம்மா வளர்த்த நாய். அக்காவும் தங்கச்சியும் ஒரே லயத்தில், எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தவர்கள். ஒரு வீட்டுக் குழம்பு மறு வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. ராசம்மா புருசனும் மூன்று பிள்ளைகளுமாகக் கோச்சிக்குப் போக லொறி ஏறின அன்று, இந்த நாய் லொறிக்குப் பின்னால் ஓடிச் சக்கரத்தில் விழாமல் இருக்க இராக்கம்மா அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது உதறுகிறது, இவள் இறுக்குகிறாள். நாயைப் பிடித்ததில் லொறி போனதை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தபோது வளைவில் தூசிதான் நின்றது.

அன்றிலிருந்து செவலை ராசம்மாவின் பூட்டின காம்பரா வாசலில்தான் கிடந்தது. இராக்கம்மா வைக்கிற கிழங்கைத் தின்னும். தின்றுவிட்டு அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளும்.

நல்லையாவுக்கு அதில் மனசில்லை. "அது அவங்க நாயி. வயசும் போயிருச்சு. நமக்குக் குட்டியா ஒன்ன எடுத்து வளப்போம். நம்ம புள்ளையோட வளந்தாத்தான் நம்ம நாயி. பெரியப்பா, நீங்களும் வாங்க. லுணுகலையில ஜௌபர் நானா கடையில குட்டி இருக்காம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை கதிருவைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினோம்.

ஜௌபர் நானாவின் கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்குகிற கொட்டிலில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. மற்றதெல்லாம் போய், ரெண்டு மிச்சம்.

"எடுத்துட்டுப் போங்க நல்லையா. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒரு சதம் வாணாம்" என்றார்.

"தூக்கி வெளியில விடுங்களேன் நானா, பாப்போம்."

"நான் தொட மாட்டேன். தொட்டா ஏழு தரம் கழுவோணும். ஒங்களுக்குக் குட்டியும் தந்துட்டு நான் நாள் முழுக்கப் பீலித் தண்ணியில நிக்கவா?"

"தொடாத ஆளு சோறு மட்டும் வெக்கிறீங்களாக்கும்?" என்று கேட்டேன்.

"பசிக்குச் சோறு வெக்கிறது வேற, மடியில தூக்கி வெக்கிறது வேற. பெரியவருக்குக் கத செல்ல ஆள் கெடைச்சா போதும். குட்டியப் பாருங்க."

நாய் பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. நிறத்தையும் வாலையும் பார்க்க மாட்டேன். பிள்ளை கையில் தின்கிற பொருளைக் கொடுத்து நாய்க்கு நீட்டச் சொல்ல வேணும். அது வாயில் பிடித்ததும் திரும்பப் பிடுங்கச் சொல்ல வேணும். அப்போது என்ன செய்கிறதோ அதுதான் நாய். நானாவிடம் ஒரு கருவாட்டுத் தலையை வாங்கிக் கதிரு கையில் கொடுத்தேன். கறுப்புக் குட்டி ஓடிவந்து கருவாட்டோடு சேர்த்து அவன் விரலையும் பிடித்துக்கொண்டது. இவன் அலறினான். மற்றக் குட்டி அந்த அலறலைக் கேட்டே மிளகாய் மூட்டைகளுக்குள் பூந்துவிட்டது. உள்ளேயிருந்து தும்மல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அது நல்ல குட்டி. சண்டைக்கே வராது" என்றார் நானா.

"புள்ளைய நரி தூக்கிட்டுப் போனாலும் வராது நானா."

"ஒங்களுக்கு நாயும் வாணாம் பேயும் வாணாம், குத்தம் செல்ல ஒன்னு வேணும்" என்று சிரித்துக்கொண்டே கதிருவின் விரலுக்குத் தடவச் சுண்ணாம்பும், அழுகையை நிறுத்த ஒரு இனிப்பு முட்டாசியும் கொடுத்தார். வெறுங்கையோடு ஏறி வந்தோம்.

இராக்கம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம். வாயில் மட்டும் ஏச்சு. "வாசல்ல ஒன்னு படுத்துக் கெடக்கு. அத விட்டுட்டு மலையெறங்கி விரலக் கடிக்க வச்சுக் கூட்டியாராங்க பெரிய மனுசங்க." சொல்லிவிட்டுச் செவலையைக் கூப்பிட்டாள். அவித்த கிழங்கை வைத்தாள். அது வாயில் எடுத்ததும், "கதிரு, பிடுங்குடா" என்றாள்.

அவன் பிடுங்கினான். செவலை ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கதிரு காதைப் பிடித்து இழுத்தான், வாலின் மேல் உட்கார்ந்தான். அதற்கும் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா மாமா? இதவிட என்ன வேணும்?"

"கடிக்கல, சரி. ஒரு தரமாவது அவன் மூஞ்சியப் பாத்துச்சா?"

"என்ன?"

"அது ரோட்டப் பாக்குது இராக்கம்மா. புள்ளைய இல்ல. அவன் இழுத்தாலும் ஒன்னுதான், காத்து அடிச்சாலும் ஒன்னுதான் அதுக்கு."

"ஒங்க கண்ணுக்கு எதுதான் நல்லாப்பட்டிருக்கு?" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நல்லையா என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை வந்தால் போகத் தெரியாத விருந்தாளி. பகலிலேயே லயத்துக்குள் பனி வந்து நிற்கும், அடுப்புப் புகை வெளியே போகாமல் கண்ணில் ஏறும், கம்பளி காயாது. கதிருவுக்குச் சளி. இராக்கம்மா தகரப் பெட்டியைத் திறந்து ஒரு நீலச் சுவெட்டரை எடுத்து அவனுக்குப் போட்டாள்.

அது ராசம்மா கொடுத்துவிட்டுப் போனது. பங்களாத் தொரைசாணி கொடுத்ததை அவள் பிள்ளைகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முழங்கை கிழிந்து, தைத்து, மறுபடி போட்டது. "ராமநாதபுரத்து வெயிலுக்கு இது எதுக்குடி? ஒம் மகன் போடட்டும்" என்று கழற்றிக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு கதிரு இஸ்தோப்புக்கு வந்தான். பூட்டின வாசலில் கிடந்த செவலை எழுந்தது. மெதுவாக நடந்து வந்தது. அவன் கைப்பக்கம் முகர்ந்தது, கழுத்துப்பக்கம் முகர்ந்தது, வயிற்றில் மூக்கை வைத்து அழுத்தியது. பிறகு தொண்டைக்குள்ளே ஒரு சத்தம் போட்டது பார், நாய் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவன் காலடியில் சுருண்டு படுத்துவிட்டது.

அன்றிலிருந்து அவன் எங்கேயோ செவலை அங்கே. கான் பக்கம் அவன் போனால் குறுக்கே நிற்கும். அப்படியும் போனால் சுவெட்டர் நுனியைப் பல்லால் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். லயமே கூடி வேடிக்கை பார்த்தது. "தாய்கூட இப்பிடிப் பாக்க மாட்டா" என்றார்கள். நல்லையாவும் மாறிவிட்டான். தன் பங்குக் கிழங்கில் ஒரு துண்டு அதற்குப் போட ஆரம்பித்தான்.

"இப்ப என்ன சொல்றீங்க பெரியப்பா?"

"ஒன்னும் சொல்லல" என்றேன். சட்டையைத்தான் பார்க்கிறது, பிள்ளையை இல்லை என்று எனக்குப் பட்டது. சொன்னால் யார் கேட்பார்கள்?

கார்த்திகையில் ஒரு நாள். காலையிலிருந்து விடாத மழை. எனக்கு முழங்கால் குடைச்சல், கம்பளிக்குள் படுத்துவிட்டேன். என்னையா பார்க்கச் சொன்னார்கள்? நாயை நம்பித்தானே விட்டார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கீழ்ப்பிரிவுக்குப் போய்க் குழந்தையை எடுத்துக்கொண்டு இராக்கம்மா வந்தாள். அவள் போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன். கதிருவும் இல்லை, செவலையும் இல்லை.

லயத்து ஆட்கள் கானைப் பார்க்க ஓடினார்கள். கான் நிறைந்து, பழுப்புத் தண்ணி வேலிக் கட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. நல்லையா தண்ணிக்குள்ளேயே இறங்கிக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு கீழே கீழே போனான். இராக்கம்மா கானைப் பார்த்தாள், திரும்பி மேலே மலையைப் பார்த்தாள். பிறகு கைக்குழந்தையை என் கையில் திணித்தாள். மற்றவர்கள் எல்லாம் கீழே ஓட, இவள் மட்டும் மேலே ஓடினாள்.

நானும் குழந்தையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வழுக்குகிற மண், ஒரு கையில் தடி, ஒரு கையில் பிள்ளை. அவள் போய் நின்ற இடம் மூடிக்கிடந்த பிள்ளைக்காம்பரா.

அதன் இஸ்தோப்பில் கதிரு தூங்கிக்கொண்டிருந்தான். செவலையின் வயிற்றில் தலை. சுவெட்டரின் ஒரு கை மட்டும் நாயின் பல் பட்டு நீண்டு தொங்கியது. அதைப் பிடித்துத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே ஒரு சொட்டு மழை விழவில்லை அவன்மேல்.

இராக்கம்மா ஓடிப்போய் அவனை வாரினாள். அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். செவலை எழுந்து நின்று வாலை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே இராக்கம்மாவைத் தாண்டிப் பின்னால் பார்த்தது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் வருகிற பாதையைப் பார்த்தது. அங்கே நான்தான் வந்துகொண்டிருந்தேன், கையில் குழந்தையோடு. என்னைப் பார்த்ததும் வால் நின்றுவிட்டது.

"அக்காவோட புள்ளைங்கள செவலை இங்கதான் கொண்டாந்து விடும் மாமா, தெனமும்" என்றாள் இராக்கம்மா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "விட்டுட்டு, அக்கா வந்து கூட்டிப் போற வரைக்கும் இந்தப் படியிலதான் படுத்துருக்கும். மலையில நின்னு நாங்க பாப்போம். செவப்பாத் தெரிஞ்சா புள்ளைங்க பத்திரம்னு அக்கா சொல்லும்."

அவள் பிள்ளையோடு இறங்கினாள். செவலை வரவில்லை. கூப்பிட்டாள், வரவில்லை. கடைசிக் கூடைக்காரி கடந்து போகிற வரைக்கும் பாதையைப் பார்த்து நின்றுவிட்டு, பிறகுதான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தது.

லயத்துக்கு வந்ததும் நல்லையா கயிற்றை எடுத்தான். இடுப்பு வரைக்கும் சேறு அவனுக்கு.

"இத இன்னைக்கே கீழ நாட்டுக் கிராமத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். எம் புள்ள கானுக்குள்ள போயிட்டான்னு நான் தண்ணிய அளைஞ்சுக்கிட்டு இருந்தேன்டி."

"கான்ல போகாமத்தானே கூட்டிட்டுப் போச்சு? மழையில யாருமில்லாத வீட்டுல விடாம, புள்ளைங்க இருக்க வேண்டிய எடத்துக்குக் கொண்டு போச்சு. அதுக்குத் தெரிஞ்சது தொரைக்குத் தெரியல. ஒங்களுக்கும் தெரியல."

"நாளைக்கு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனா?"

"போகாது."

"பெரியப்பா, நீங்க சொல்லுங்க."

கேட்டான், சொன்னேன். "அது இவனக் கூட்டிட்டுப் போகல இராக்கம்மா. அந்தச் சட்டையக் கூட்டிட்டுப் போச்சு. ஒங்கக்கா புள்ளைங்க வாசம் அதுல இருக்கு. சட்டையக் கூட்டிட்டுப் போக ஒங்கக்கா வருவான்னு நிக்குது. இவன்மேல அதுக்கு ஒன்னுமில்ல."

அவள் கதிருவின் ஈரத் தலையைத் துவட்டினாள்.

"நான் பொய் சொல்றேன்னா, அந்தச் சட்டையத் தொவைச்சுப் போடு. நல்லாச் சவுக்காரம் போட்டுத் தொவைச்சுப் போடு. அதுக்கப்புறமும் இவன் கூடவே நின்னா, நல்ல நாயின்னு நானே சொல்றேன்." சொல்லும்போதே ஒன்று உறைத்தது. "அது சரி, பொட்டியிலேர்ந்து எடுத்தியே, தொவைச்சா போட்ட?"

"மழையில எப்படி மாமா காயும்?"

"அக்கா போனது நல்ல வெயில்ல. அப்பவே தொவைக்க வேண்டியதுதானே?"

நல்லையா அவளைப் பார்த்தான். அவள் கதிருவை மடியில் இழுத்துக்கொண்டு சுவெட்டரின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துப் பொத்தானைப் போடுகிறபோது முகத்தை அங்கே வைத்து மூச்சை உள்ளே இழுத்தாள். பிள்ளைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரிதான் இருந்தது. நல்லையா கயிற்றைச் சுருட்டி மறுபடி ஆணியில் மாட்டினான்.

"வெயில் வரட்டும் மாமா" என்றாள். "வந்ததும் தொவைக்கிறேன்."

தையில் வெயில் வந்தது. லயத்து வேலி முழுக்கக் கம்பளியும் சீலையும் சாக்குமாகக் காய்ந்தது. நான் தினமும் அந்த வழியாக நடந்து பார்த்தேன். எல்லாரும் எல்லாவற்றையும் துவைத்துப் போட்டார்கள். நீலம் மட்டும் இல்லை.

ஒரு நாள் உச்சி வெயில். கதிரு இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருந்தான். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சுவெட்டர், நெற்றியில் வேர்வை. பக்கத்தில் செவலை. இராக்கம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் நின்றேன்.

"வெயில் வந்துருச்சு" என்றேன்.

"ஆமாங்க மாமா."

"புள்ளைக்கு வேர்க்குது."

"சாயங்காலம் குளிரும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தேத்தண்ணி ஊத்தவா?"

செவலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. கதிரு அதன் காதுக்குள் என்னமோ சொல்லிச் சிரித்தான். அது அவன் கன்னத்தை நக்கியது. கன்னத்தையா, சுவெட்டர் கழுத்தையா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு அடி வைத்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள் இராக்கம்மா.

"என்னத்தப் பாத்தேன்?" என்றேன். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை.